டிரெக்கிங் போறீங்களா? இதைப் படிச்சிட்டுக் கிளம்புங்க!

நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு 'மலை' என்றால், சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான். லீவு விட்டால் நிஜ மலை ஏற ஆசை வருவது இயல்பு.

ஆனால் 2018 மார்ச் 11-ல், தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதன்பின் விதிகள் கடுமையாகின.

2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் 40 பாதைகள். எளிது, மிதமானது, கடினம் என மூன்று வகை. உள்ளூர் வழிகாட்டியும் உடன் வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அதனால் தேதி பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

முதல்முறையா? 'எளிது' போதும். அனுமதி இல்லாத இடத்தில் டென்ட் வேண்டாம். காட்டுக்குள் அடுப்பு மூட்டவே வேண்டாம். வழிகாட்டியை விட்டு விலகாதீர்கள்!