யாழ்ப்பாணத்தார் என்றால் ஆர் ஆர்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவில் இருந்து வரும் பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். டொரொன்டோவில் பிறந்த பிள்ளைகள். சிலருக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். வெயில் தாங்காது, கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் ஒழுங்கையில் நிற்கிற ஆச்சி யோசிக்காமல் சொல்லுவா, "இது எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளை" என்று. நல்ல பேச்சு அது. நாங்கள் குறை சொல்ல வரவில்லை.

எங்கள் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்கள். தாய், தகப்பன், அதற்கு முந்திய தலைமுறைகள் எல்லாம் சோனகதெரு. வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது தமிழில், சோதனை எழுதுவது தமிழில். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய பெற்றோரோடு வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். அதே ஒழுங்கையில் இவர்களுக்குப் பெயர் "புத்தளத்துப் பிள்ளையள்".

பிறந்த இடம்தான் கணக்கு என்றால் இரண்டு பிள்ளையும் வெளியே. தாய் தகப்பனின் ஊர் என்றால் இரண்டு பிள்ளையும் உள்ளே. மொழி என்றால் எங்கள் பிள்ளைக்குத்தான் கூடப் புள்ளி. அப்படியிருக்க ஒன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மற்றது புத்தளத்துப் பிள்ளை. எந்த அடிமட்டத்தால் அளந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. "அமெரிக்கர்" என்ற சொல்லைப் பாருங்கள். வடக்கும் தெற்குமாக இரண்டு பெரிய கண்டங்களின் பெயர் அது. பிரேசில்காரரும் பெருக்காரரும் கூட அந்த மண்ணின் ஆட்கள்தான். ஆனால் ஒரு நாடு அந்தப் பெயரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அந்த நாட்டுக்குள்ளேயும் பெயர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை என்ற சட்டம் 1924 இல்தான் வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வொங் கிம் ஆர்க் என்பவர் சீனாவுக்குப் போய் 1895 இல் திரும்பி வந்தபோது, நீ இந்த நாட்டான் இல்லை என்று இறங்கவிடாமல் கப்பலிலேயே மறித்து வைத்தார்கள். வழக்குப் போட்டு 1898 இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். இங்கே பிறந்தவன் இந்த நாட்டான் என்று தீர்ப்பு. 2025 ஜனவரியில் ட்ரம்ப் பதவிக்கு வந்த அன்றே அந்த வாசலை ஒடுக்க உத்தரவு போட்டார். அமெரிக்காவில் பேரப்பிள்ளைகள் இருக்கிற யாழ்ப்பாணத்து வீடுகளில் அப்போது எவ்வளவு கவலை! நியாயமான கவலை.

எங்கள் நாட்டிலும் 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தது போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததற்கு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். மலையகத்துத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். அதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸில் இருந்து பிரிந்துதான் செல்வநாயகம் 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். யாழ்ப்பாணம் இன்றும் பெருமையோடு சொல்கிற சரித்திரம். அந்தச் சரித்திரத்தைச் சொல்கிற வாயாலேயே சோனகதெருவானிடம் "நீங்கள் எங்கத்தை ஆக்கள்?" என்று கேட்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

முன்பு இப்படிக் கேட்கவில்லை. வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் குர்ஆன் மதரஸாவில் ஓதினார். பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயம், அதன் பிறகு யாழ் இந்துக் கல்லூரி. இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர்தான். பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபர். அவரைக் கொழும்பான் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஆட்களைக் கேளுங்கள். பெருநாளுக்கு வட்டிலப்பம் எந்த வீட்டுக்குப் போனது, தீபாவளிப் பலகாரம் எந்த வீட்டுக்கு வந்தது என்று சொல்லுவார்கள். கலியாண உடுப்புத் தைக்க எந்தத் தெருவுக்குப் போனார்கள், வீடு கட்ட இரும்புச் சாமான் எந்தக் கடையில் எடுத்தார்கள் என்பதும் நினைவிருக்கும்.

1990 ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். நகையும் காசும் வீட்டுத் திறப்பும் போயின. வடக்கு முழுவதும் இருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகள் தரப்பே அதற்கு வருத்தம் தெரிவித்தது. பழைய காயத்தைக் கிண்ட இதை எழுதவில்லை. நாங்கள் புத்தளத்துக்கு ஆசைப்பட்டுக் குடிபோன ஆட்கள் இல்லை என்பதற்காக எழுதுகிறோம். எங்களை அங்கே கொண்டுபோய் விட்ட சம்பவத்தையே, நாங்கள் அந்த ஊர் ஆட்கள் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது என்ன நியாயம்? கனடாவுக்குப் போனவரும் அதே சண்டைக்காலத்தில் ஊரை விட்டவர்தானே.

புத்தளத்தில் எங்களுக்கு இடம் தந்த மக்களுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும். உப்பளத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே ஓலைக் கொட்டிலில் இருந்தபோது சோறு தந்தார்கள். ஆனால் அங்கே எங்களுக்குப் பெயர் "அகதி". முப்பது வருஷம் கழித்தும், அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் அதே பெயர்தான். அங்கே அகதி, இங்கே புத்தளத்தான். பிள்ளை எங்கே போய் நிற்கும்? "எனது ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னால், "சேர், எந்த ஊரை எழுதுறது?" என்று கேட்கிற பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்து விடுவோம். "நீங்கள் தமிழர் இல்லை என்று நீங்களே சொல்லுறீங்கள்தானே, பிறகென்ன?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அது வேறு சொல். சோனகர் இனத்தால் தமிழர்தான் என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் எழுதினார், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் மறுத்து எழுதினார், அந்த வாதம் இன்றைக்கும் ஓயவில்லை. அதில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் பாதகமில்லை. யாழ்ப்பாணத்தார் என்பது இனத்தின் பெயர் இல்லை, மண்ணின் பெயர். அதற்குச் சைவமோ வேதமோ இஸ்லாமோ நிபந்தனை இல்லை. பருத்தித்துறைக்காரர் பஸ் ஏறும்போது "யாழ்ப்பாணம் போட்டு வாறன்" என்கிறார், ஏதோ வேறு ஊருக்குப் போவது போல. கொழும்பில் இறங்கினால் அவரே யாழ்ப்பாணத்தான். இவ்வளவு இளகிய சொல் எங்கள் ஆட்களைக் கண்டவுடன் மட்டும் ஏன் இறுகுகிறது?

எங்கள் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களை "அவங்கள் இனி வரமாட்டாங்கள், அவங்களுக்கு இஞ்ச என்ன" என்று பேசுகிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். மஹல்லாக் கூட்டங்களிலேயே கேட்கிறது. வேண்டாம். அதே அடிமட்டத்தை நாங்களும் கையில் எடுக்கக் கூடாது.

இனி வேலைக்கு வருவோம். தரம் ஒன்று அனுமதிக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் எத்தனை வருஷமாக இருக்கிறது என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். சோனகதெரு, பொம்மைவெளி ஆட்கள் இம்முறை விதானையாரிடம் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். வீட்டில் பதினெட்டு வயது ஆனவர்களின் பெயரையும் சேருங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்களைச் சந்தியுங்கள், எழுதித் தருகிறோம்.

தமிழ் உறவுகளிடம் ஒரு உதவி. உறுதி தொலைந்த குடும்பங்கள் எங்களில் அநேகம். பக்கத்து வளவில் யார் இருந்தார்கள் என்று நினைவுள்ள பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். அப்படியானவர்கள் வயது போய் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.