சாவி யாரிடம் இருக்கிறது?

"எங்க சபையில எல்லாரும் சமம் தம்பி. யாரு வேணும்னாலும் வரலாம், எங்க வேணும்னாலும் உக்காரலாம்."

இதைச் சொன்ன பெரியவர் எங்கள் சேகரக் கமிட்டியில் இருபது வருடமாக இருக்கிறார். அவருக்கு முன்னால் அவர் அப்பா. நான் கேட்டது உட்காருவதைப் பற்றி அல்ல. பொருளாளர் பொறுப்பு இதுவரை எத்தனை குடும்பங்களுக்குப் போயிருக்கிறது என்று கேட்டேன். அவர் என் மகனுக்கு ஞானஸ்நானம் எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

உட்காரும் இடத்துக்கான சண்டை சின்னதில்லை. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் எழுதியபோது தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது. 2008இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதை ஒட்டி மூண்ட கலவரத்தில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஆனால் பெஞ்சு பொதுவானதும் வேலை முடிந்தது என்று சொல்வது ஏமாற்று.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் லாகின் கொடுப்பது வேறு, அட்மின் உரிமை கொடுப்பது வேறு. நம் சபைகள் எல்லோருக்கும் லாகின் கொடுத்துவிட்டு, அட்மின் பாஸ்வேர்டை நாலு குடும்பங்களுக்குள் சுற்ற விடுகின்றன. பாடகர் குழுவில் பெண்கள் உண்டு, அசனத்துக்குக் காய் நறுக்கும் இடத்தில் எல்லாத் தெருக்காரர்களும் உண்டு. காணிக்கை எண்ணும் மேசையில்?

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாகச் சேர்ந்தன. பேராயர் இருப்பார், ஆனால் குருமாரும் சபையாரும் சேர்ந்து உட்காரும் மன்றங்களும் இருக்கும் என்பதே ஏற்பாடு. கூட்டுத் தலைமை அதன் சட்டத்திலேயே இருக்கிறது. 1976இல் பெண்ணுக்குக் குருப்பட்டமும் கொடுத்தார்கள். முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல். குருப்பட்டத்துக்கும் பேராயர் நாற்காலிக்கும் நடுவே 37 வருடங்கள்.

"சபை என்ன ஜனநாயகமா? எலெக்‌ஷன் வச்சதாலதான் சாதி உள்ள வந்துச்சு" என்பார்கள். இதில் பாதி உண்மை. அணி கட்டி, சாதிக் கணக்குப் போட்டு, ஓட்டு பிடிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் 1833இல் தஞ்சாவூரில் எந்த எலெக்‌ஷன் நடந்தது? சாதி முன்பே உள்ளே இருந்தது, ஓட்டுச்சீட்டு அதை எண்ணிக் காட்டியது, அவ்வளவுதான். தேர்தலை எடுத்துவிட்டால் அதே நாலு குடும்பம் எண்ணப்படாமலே ஆளும்.

வேதத்தைக் கேட்பவர்களுக்கு வேதத்திலிருந்தே சொல்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்கம் பேசும் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று புகார் வருகிறது. அப்போஸ்தலர்கள் 'இங்கே எல்லாரும் சமம்' என்று பிரசங்கம் பண்ணவில்லை. பந்திப் பொறுப்பையே ஏழு பேரிடம் கொடுத்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழுமே கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்திடமே சாவி போனது. 13ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபையை நடத்தியவர்கள் ஐந்து பேர்: சீப்புருத் தீவின் பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், வட ஆப்பிரிக்கச் சிரேனே ஊரின் லூகி, ஏரோதோடு வளர்ந்த மனாயீன், பரிசேயரான சவுல். கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியது அந்த ஊரில்தான்.

கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் கமிட்டியில் இருக்கக் கூடாது. கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இதுவரை பொறுப்புக்கே வராத தெருவிலிருந்து ஒருவர் கணக்கு நோட்டைத் தணிக்கை செய்யட்டும். மாதக் கணக்கு ஆலயக் கதவில் ஒட்டப்படட்டும்.

இதற்குச் சம்மதிக்காதவர் சமத்துவம் பேசினால், வாசிக்கிற தம்பி தங்கைகளே, நீங்கள் வாக்குவாதம் பண்ண வேண்டாம். கணக்கு நோட்டை மட்டும் கேளுங்கள்.