வாலண்டியர்தானே!

போன மே மாசம் என் பொண்ணு இங்கே டெல்லியில் ஒரு பல்கலைக்கழக கெமிஸ்ட்ரி லேபில் ஆறு வாரம் 'வாலண்டியராக'ச் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது, கடைசியில் ஒரு சர்டிஃபிகேட். ஆர்.கே.புரத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். (நம்ம ஆட்களில் யார்தான் பீற்றவில்லை!)

இரண்டாவது வாரம் துப்பட்டாவில் ஓட்டையோடு வந்தாள். ஆசிட் தெறித்ததாம். கண்ணாடி போட்டிருந்தாயா என்றால், "அது பிஎச்டி அக்காங்களுக்குத்தான்ப்பா" என்கிறாள். முதல் நாள் என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்? எந்த அலமாரிச் சாவி எங்கே, சாருக்கு எத்தனை மணிக்கு டீ. கண் கழுவும் குழாய்? அதன் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதாம்.

சேரும்போது என்னிடம் ஒரு தாள் நீட்டினார்கள். விபத்து நடந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. நானும் மண்டையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டேன், வெட்கக்கேடு. அதை அச்சடிக்க நேரமிருந்தவர்களுக்கு, எந்த பாட்டில் எதோடு சேரக்கூடாது, தீப்பிடித்தால் என்ன செய்வது என்று சொல்ல ஒரு நாள் கிடைக்கவில்லையா?

2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக லேபில் 23 வயதுப் பெண் ஒருவர், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுக்கும்போது தீப்பிடித்தது. லேப் கோட் இல்லை. ஸ்வெட்டர் எரிந்து, 18 நாள் கழித்து இறந்துபோனார். பயிற்சி சரியில்லை, கோட் போட வைக்கவில்லை என்று மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை அபராதம் போட்டது. அவர் சம்பளம் வாங்கிய ஊழியர், அதனால் அது நடந்தது. அந்தச் சட்டம் ஊழியர்களுக்குத்தான். வாலண்டியராக இருந்திருந்தால்?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். 2010-ல் இதே டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலம் விட்ட பழைய கருவியிலிருந்து கோபால்ட்-60 மாயாபுரி காயலான் கடைக்குப் போய், ஒரு தொழிலாளி இறந்தார். 2018 டிசம்பரில் பெங்களூர் ஐஐஎஸ்சி வெடிவிபத்தில் ஓர் இளம் ஆய்வாளர் போனார். விஷயம் தெரிந்தவர்கள் நடுவிலேயே இந்தக் கதி. பத்தொன்பது வயசுப் பிள்ளை எந்த மூலைக்கு?

மறுநாள் லேபுக்குப் போனேன். "சர்டிஃபிகேட் கெட்டுடும், சும்மா இருங்க" என்றாள் வீட்டம்மா. பேராசிரியர் சிரித்தபடி, "வாலண்டியர்தானே, ரெகுலர் பயிற்சி அவங்களுக்கு இல்லை" என்றார். அப்படியானால் ஆசிட்டும் அவர்களுக்கு இல்லை என்று சொல்லி அழைத்து வந்துவிட்டேன். பொண்ணு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் கோடை லீவுக்கு இப்படி ஒரு இடம் கிடைத்திருக்கலாம். பயிற்சி எத்தனை நாள், பிள்ளை பக்கத்தில் யார் நிற்பார்கள், அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று கேளுங்கள். அந்தக் கண் கழுவும் குழாயையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் அப்புறம் கையெழுத்துப் போடலாம்.