பெயர் நம்முடையது, கரண்ட் யாருடையது?

தரம் 10இல் படிக்கும் பிள்ளை ஒன்று மூன்று நாளாக வீட்டு வேலை செய்துகொண்டு வரவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. நான்காம் நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு சொன்னது: "கரண்ட் வெட்டிட்டாங்க டீச்சர்."

அந்தக் காம்பராவில் இருப்பது பிள்ளையும் பாட்டியும் மட்டும்தான். பாட்டி நாற்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இரண்டு பல்ப், ஒரு டீவி, ஒரு போன் சார்ஜர். பில்லை ஒரு மாதமும் பாக்கி வைத்ததில்லை. கட்டிய துண்டுகளையெல்லாம் சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். அவருக்குத்தான் சிவப்பு நோட்டீஸ் வந்தது. அவருடைய ஒரு வருஷப் பில்களைக் கூட்டினாலும் வராத தொகை அதில் நிலுவை என்று அடித்திருந்தது.

தோட்ட ஆபீசுக்குக் கொண்டு போனார். "உங்க வீட்டுக்காரர் பேரு, உங்க அட்ரஸ். கட்டிட்டா பிரச்சினை இல்ல ஆச்சி" என்று அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பிய காசில் ஒரு பங்கைப் பயத்தில் கட்டியும் விட்டார். மிச்சத்துக்கு வழியில்லை. ஆட்கள் வந்து வயரைக் கழற்றிவிட்டுப் போனார்கள்.

நானும் தோட்டக் கமிட்டித் தலைவரும் போய்ப் பார்த்தோம். நோட்டீசில் இருந்தது கணக்கு இலக்கம் மட்டும். சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்த துண்டுகளில் இருந்தது வேறு கணக்கு இலக்கம். அதைப் பார்த்த உடனேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது. நோட்டீசில் உள்ள கணக்குக்கு எந்த மீட்டர் என்று கேட்டு வாங்க இரண்டு தடவை டவுனுக்கு அலைந்தோம். பிறகு டோர்ச் அடித்து லயத்தின் பன்னிரண்டு மீட்டரையும் பார்த்தோம். அந்த இலக்கம் ஒன்றிலும் இல்லை.

மூன்றாம் நாள் கண்டுபிடித்தோம். பழைய பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் இருக்கும் வாட்சர் குவாட்டர்ஸ் சுவரில் அது ஓடிக்கொண்டிருந்தது. பாட்டியின் கணவர் அந்தக் காலத்தில் வாட்சர். குவாட்டர்சுக்கு லைட் எடுத்தபோது அவரிடம்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஓய்வு பெற்றதும் குடும்பம் லயத்துக்கு வந்தது, அங்கே புதிதாக இன்னொரு மீட்டர் எடுத்தார்கள். அதுவும் அவர் பெயரில். மனுஷன் செத்து ஒன்பது வருஷம். குவாட்டர்சை நிர்வாகம் வெளி ஆள் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறது. உள்ளே இரண்டு பெரிய குளிர்பெட்டி ஓடுகிறது. மீட்டர் பார்க்க வருகிறவர் பில்லை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார், நோட்டீஸ் மட்டும் தபாலில் பெயரைத் தேடி விதவையிடம் வந்திருக்கிறது. பெயர் ஒன்று, தோட்டம் ஒன்று, டிவிஷன் ஒன்று. வெட்ட வந்தவர்கள் ஆள் இருக்கும் வீட்டை வெட்டிவிட்டார்கள்.

இதைப் பிழை என்று சொல்லிவிட்டுப் போகலாமா?

டவுனில் ஒரு வீட்டுக்கு இலக்கம் இருக்கிறது, வீதிக்குப் பெயர் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அவ்வளவுதான். நூறு குடும்பத்துக்கு ஒரே விலாசம். தபால்கூட தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. இப்படி இருந்தால் ஒருவன் கடன் இன்னொருவன் கதவைத் தட்டாமல் என்ன செய்யும்? கிலோ குறைந்தால் அன்றைக்கே அரைப்பேர் போடத் தெரிந்த நிர்வாகம் இது. யார் எத்தனை மணிக்கு மலைக்கு வந்தார் என்று எழுதி வைத்திருக்கிறது. எந்தக் காம்பராவில் யார் இருக்கிறார், எந்த மீட்டர் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று எழுதி வைக்க மட்டும் அதற்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பாட்டியின் கணக்கைப் பாட்டியின் பெயருக்கு மாற்றக் கேட்டோம். மரணச் சான்றிதழ் சரி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் சரி. வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம் எங்கே என்றார்கள். சொந்தக்காரர் யார்? தோட்டம். ஆக, குவாட்டர்சை வாடகைக்கு விட்டு இந்தக் குழப்பத்தை உண்டாக்கிய அதே நிர்வாகத்திடம் போய்க் கடிதத்துக்குக் கை கட்டி நிற்க வேண்டும். 1823இல் கோப்பிக்கு ஆள் இறக்கியதிலிருந்து இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. பல்ப் எரிய இன்னும் துரையின் கடிதம்.

கரண்ட் பில்தானே என்று நினைக்காதீர்கள். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்தை நிரூபிக்கக் கேட்கும் பத்திரங்களில் மின் பில்லும் ஒன்று. செத்த தாத்தா பெயரிலும் பழைய குடியிருப்பாளர் பெயரிலும் பில்லை வைத்துக்கொண்டு பாடசாலை வாசலில் நிற்கிற தாய்மாரை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். விலையும் பழைய விலை இல்லை. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். பிறகு இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கிறது. மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை வேறு. பக்கத்துக் காம்பராவின் வயர் உங்கள் மீட்டரில் மாட்டியிருந்தால், அவர்கள் எரித்ததற்கு மட்டுமல்ல, நீங்கள் எரித்ததற்கும் கூடக் கட்டுகிறீர்கள்.

அதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் தேவையில்லை. வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். தட்டு சுற்றினாலோ சிவப்பு லைட் விட்டுவிட்டு மின்னினாலோ வேறு யாருக்கோ கரண்ட் போகிறது. மீட்டரின் முகத்தில் உள்ள இலக்கத்தைப் பில்லில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் திகதி தெரிய ஒரு படம் எடுங்கள். கணக்கு இலக்கம், மீட்டர் இலக்கம், அன்றைய வாசிப்பு மூன்றையும் போட்டுக் கடிதம் எழுதுங்கள், தமிழில். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது பிரதியில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

நிலுவையைத் தவணையாகக் கட்டலாம் என்று ஒரு படிவத்தை நீட்டுவார்கள். உங்களுடையது அல்லாத கடனுக்கு அதில் கையெழுத்து வைக்காதீர்கள். வைத்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும். பதில் வராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போகலாம். அந்தக் கணக்குக்கு யார் விண்ணப்பித்தது, எந்த இடத்துக்கு என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பாட்டிக்காக நாங்கள் கேட்டோம். பழைய விண்ணப்பத்தின் பிரதி வந்தது. அதில் "வாட்சர் குவாட்டர்ஸ்" என்று தெளிவாக எழுதியிருந்தது. அதற்குப் பிறகுதான் மேசைக்கு அந்தப் பக்கத்தில் குரல் இறங்கியது.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், சில தலைவர்மாருக்குக் கோபம் வந்தாலும் சரி. "நான் பேசிக்கிறேன், விடுங்க" என்று டவுனுக்குப் போய் ஒரு உத்தியோகத்தரைத் தெரியும் என்பதால் காரியத்தை முடித்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு லைட் வரும், பதினொரு வீட்டின் பிழை அப்படியே கிடக்கும். அடுத்த தடவையும் அந்தத் தலைவரைத்தான் தேட வேண்டும். இது உதவி. சங்க வேலை இல்லை.

ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம், அந்த இலக்கத்தில் விலாசம், குடியிருப்பவர் பெயரில் மீட்டர், பெயர் மாற்ற நிர்வாகத்தின் கடிதம் தேவையில்லை என்ற எழுத்து மூலமான உத்தரவு. இந்த நான்கையும் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று எங்கள் தோட்டக் கமிட்டி தீர்மானம் எடுத்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பியிருக்கிறது. மற்றத் தோட்டங்களும் அனுப்புங்கள்.

பாட்டிக்குப் பதினெட்டாம் நாள் லைட் வந்தது. பயத்தில் கட்டிய காசு இன்னும் திரும்பவில்லை, கடிதம் மூன்று போயிருக்கிறது. குவாட்டர்சில் குளிர்பெட்டி இன்னும் செத்த மனுஷன் பெயரில்தான் ஓடுகிறது.

வருகிற சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு காலை பாடசாலை மண்டபத்தில் இருப்பேன். ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர் வாருங்கள், கடைசி மூன்று மாதப் பில்லும் மீட்டர் இலக்கமும் எழுதிய துண்டோடு. வாசிக்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள். தரம் 10 பிள்ளைகள் பதிவுப் புத்தகத்தைக் கோடு போட்டுத் தயாராக வைத்திருக்கிறார்கள்.