‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்

பாட்டி வைத்த சாம்பாரில் ஒருநாள் உப்பு இரண்டு மடங்காக இருந்தது. சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். சில வாரங்களில், இருபது ஆண்டுகளாகப் போய்வரும் ஈரச்சந்தையிலிருந்து வீடு திரும்ப அவருக்கு வழி தெரியவில்லை. அண்டை வீட்டு ஆன்டி அழைத்து வந்தார். “வயசானா அப்படித்தான்,” என்றார் அப்பா. நானும் தலையாட்டிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போனேன். பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல மேலும் ஈராண்டு ஆனது. முதுமை மறதி நோய் என்றார் மருத்துவர்.

1970ல் சிங்கப்பூரரின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 66 ஆண்டுகள். இன்று அது 83ஐத் தாண்டிவிட்டது. ஆனால், அதில் சராசரியாகப் பத்தாண்டு நோயோடு கழிவதாக மதிப்பிடப்படுகிறது. கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகளை எப்படி வாழப்போகிறோம் என்பதே இனி நம் கேள்வி.

மனநலக் கழகத்தின் 2013 ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறியது. பத்தாண்டுக்குப் பிந்திய ஆய்வில் அது 8.8 விழுக்காடாகக் குறைந்தது. மூத்தோர் தொகை பெருகியதால் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 74,000ஆக உயர்ந்தாலும், விகிதம் இறங்கியிருக்கிறது. வயது ஏற ஏற ஆபத்து கூடுவது உண்மைதான். ஆனால் வயது மட்டுமே காரணம் என்றால் இந்த இறக்கம் நிகழ்ந்திருக்காது. கல்விக்கும் நாட்பட்ட நோய்களின் கட்டுப்பாட்டுக்கும் இதில் பங்குண்டு.

அதே ஆய்வில் கவலை தரும் செய்தியும் உண்டு. நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இன்னும் கண்டறியப்படவில்லை. எங்கள் வீட்டைப் போலப் பல வீடுகளில் அந்த ஒரே வாக்கியம் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறது என்றே நினைக்கிறேன்.

எல்லா மறதியும் இந்நோய் அல்ல. பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் இப்படித் தோன்றலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதுமை மறதி நோயே என்றாலும், முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லாவிட்டாலும், முன்கூட்டியே தெரிந்தால் தம் பணம், பராமரிப்பு பற்றி நோயாளியே முடிவெடுக்கலாம். நாங்கள் பாட்டியைக் கேட்க நினைத்தபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

‘இது பெரியவர்கள் விஷயம், மாணவர்களால் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்கலாம். பள்ளி முடிந்து பிற்பகலில் தாத்தா பாட்டியோடு வீட்டில் இருப்பது பெரும்பாலும் நாம்தான். மாற்றம் முதலில் நம் கண்ணில்தான் படும். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கைப்பேசியில் குறித்து வையுங்கள். பலதுறை மருந்தக மருத்துவருக்கு அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024ல் 14 ஆபத்துக் காரணங்களைச் சுட்டியது. குறைந்த கல்வி, செவித்திறன் இழப்பு, புகைபிடித்தல், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். எல்லாவற்றையும் சரிசெய்தால், உலகில் இந்நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. காதில் மாட்டும் கருவியின் ஒலியைக் குறைப்பதைக்கூட இன்றே தொடங்கலாம்.

இன்று உங்கள் பாட்டி ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்டால், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பிறகு அம்மாவிடம், “பாட்டியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம்மா,” என்று சொல்லுங்கள். நான் அதை ஈராண்டு தாமதமாகச் சொன்னேன்.