பயிர்த்தொழிலும் தினசரிக் குறிப்பும்

குடியானவர்கள் வரவு செலவுக் கணக்கு வைக்க வேண்டுமென்பது அநேகமுறை எடுத்துச் சொல்லப்பட்ட விஷயம். சிலர் அவ்விதம் வைத்தும் வருகிறார்கள். ஆனால் தினந்தோறும் நிலத்தில் நடந்ததையும் கண்டதையும் தம் கையாலேயே எழுதி வைப்போர் மிகச் சொற்பம். கணக்குப் புஸ்தகம் இவ்வருஷம் இத்தனை மூட்டை குறைந்தது என்று சொல்லும். ஏன் குறைந்தது என்பதைச் சொல்லாது. அந்தக் காரணத்தைச் சொல்லவல்லது தினசரிக் குறிப்பு ஒன்றே. ஆகையால் பூமி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதனைக் கட்டாயமாகக் கைக்கொள்ள வேண்டுமென்பது எமது அபிப்பிராயம்.

இதற்குத் தக்கதோர் உதாரணம் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியிலேயே இருக்கிறது. அவ்வூர் வைத்தியநாத சுவாமி கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் இராஜராஜ சோழன் தன் 28-ஆவது ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய 1013-இல், உத்தரவிட்டான். சுவர்களை இடிக்குமுன் அவற்றிலிருந்த கல்வெட்டுக்கள் யாவற்றையும் ஒரு புஸ்தகத்தில் எழுதிக்கொள்ளும்படியும் கட்டளையாயிற்று. திருப்பணி முடிந்தபின், அவன் குமாரன் முதலாம் இராஜேந்திரனுடைய 14-ஆவது ஆட்சியாண்டில், அப்புஸ்தகத்தைப் பார்த்தே அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. முன்னோர் செய்த தர்மங்கள் கல்லோடு கல்லாக மறைந்து போகாமலிருந்ததற்குக் காரணம், சுவர் நின்றிருக்கும்போதே அவற்றை எழுதிவைத்ததுதான்.

நம் குடும்பங்களில் அவ்விதச் சுவராக நிற்பவர்கள் வீட்டுப் பெரியவர்களே. எந்தத் தாக்கில் நீர் வடியாது, எந்த வயலில் உவர் தலைகாட்டும், எந்த மேட்டு நிலத்தில் எந்த நெல் சாயாமல் நிற்கும், எத்தனை நாள் காய்ச்சலைப் பயிர் தாங்கும் என்பவை அவர்கள் மனத்தில்தான் இருக்கின்றன. அவர்கள் காலத்துக்குப் பின் அவ்வறிவும் உடன் போய்விடுகிறது. பிள்ளைகள் அதே பாடத்தை அதே நஷ்டத்தைக் கொடுத்து மறுபடியும் வாங்க வேண்டியிருக்கிறது.

"கிராமத்தில் அடங்கல் இருக்கிறதே, நமக்கென்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். முன்னாளில் கர்ணம் எழுதிவந்த அக்கணக்கை, 1980-இல் அவ்வுத்தியோகம் எடுபட்ட பின், இந்நாளில் கிராம நிர்வாக அலுவலர் வைத்து வருகிறார். சர்வே நம்பர், விஸ்தீரணம், பயிர், பாசன வழி ஆகியவற்றை அது காட்டும். சர்க்காருக்கு வேண்டியது அவ்வளவே. நாற்று எத்தனை நாள் வயதில் பிடுங்கப்பட்டது, மேலுரம் மழைக்கு முன் இட்டதா பின் இட்டதா, புகையான் எந்த மூலையில் முதலில் தென்பட்டது என்பவை அடங்கலில் எழுதப்படுவதில்லை. அவற்றை எழுதுவது நிலத்துக்குரியவன் கடமையேயாகும். குடியானவன் தேதியிட்டுக் குறிப்பு வைத்திருப்பானானால், சாகுபடி விவரம் கேட்டுவரும் கிராம உத்தியோகஸ்தருக்கும் அது பேருதவியாகும்.

இப்பழக்கம் நமக்குப் புதிதுமன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் தாம் காலஞ்செல்லும் வரையில் தினசரிக் குறிப்பு எழுதிவந்தார். அவர் வியாபாரி, புலமையைக் காட்ட எழுதியவரல்லர். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, ஊரில் பேசிக்கொண்டது எல்லாவற்றையும் பேசுகிற தமிழிலேயே எழுதிவைத்தார். இன்று சரித்திரக்காரர் அதனைப் பொக்கிஷமாகப் போற்றுகின்றனர். அதே 1736-இல் இங்கிலாந்தின் நார்போக் ஜில்லாவில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலச்சுவான்தார், மரங்கள் எந்நாளில் துளிர்த்தன, பறவைகள் எந்நாளில் வந்தன என்று குறிக்கத் தொடங்கினார். அவர் சந்ததியார் 1958 வரையில் அதைத் தொடர்ந்தனர். பருவகாலம் எவ்வாறு மாறிவருகிறதென்று ஆராயும் சாஸ்திரிகளுக்கு அது இப்போது அருமையான சாதனமாயிருக்கிறது. இருவரும் செய்த காரியம் மிகச் சிறியது. ஆனால் விடாமற் செய்தார்கள்.

மனித ஞாபகத்தை நம்பிப் பயிர்செய்வது அபாயகரம். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் புது விதை போட்டவன், விளைச்சலுக்கு விதையே காரணமென்று கொள்கிறான். மறுவருஷம் மழை தவறினால் அதே விதையைப் பழிக்கிறான். இரண்டு வருஷத்து மழையும் தேதியும் எழுத்தில் இருந்தால் இந்த மயக்கம் நேராது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீரிருப்பை அனுசரித்து அது முன்பின் ஆவதுண்டு. அணை திறந்த எத்தனையாவது நாளில் தம் வாய்க்காலில் நீர் வந்தது என்பதைப் பத்து வருஷம் குறித்து வைத்த ஆற்றுப் பாசனக்காரர், நாற்றங்கால் விடும் நாளைப் பிறரைக் கேளாமலே நிதானிக்கலாம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் சென்றதும், அம்மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்ததும் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் கரையோரத்து ஒவ்வொரு வயலிலும் நீர் ஏறியதா, எத்தனை நாள் நின்றது, எப்பயிர் பிழைத்தது என்பதை எந்தப் பத்திரிகை எழுதும்?

எழுதும் முறை கடினமானதன்று. தடித்த நோட்டுப் புஸ்தகம் ஒன்று போதும். அடங்கலோடு ஒத்துப் பார்ப்பதற்கு வசதியாக, ஜூலை முதல் தேதியில் பசலியாண்டோடு தொடங்கலாம். ஆங்கில வருஷத்தில் 590-ஐக் கழித்தால் அத்தேதியில் பிறக்கும் பசலி கிடைக்கும். அன்றன்று இரவு படுக்குமுன் மழை, நீர், வேலை, ஆள், உரம், பூச்சி, நோய் ஆகியவற்றில் உள்ளதை மட்டும் நான்கைந்து வரியில் எழுதுக. "கிழக்கு வயல், இரண்டாம் களை, ஆள் எட்டு, மாலை நல்ல மழை, மேலுரம் நிறுத்தி வைத்தோம்" என்றால் போதுமானது. ஒன்றும் நடவாத நாளில் தேதியை மட்டும் போடுக. வாரத்துக்கொருமுறை சேர்த்து எழுதுவோமென்று விடுபவர், மாதத்துக்குள் விட்டேவிடுவர்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, நஷ்டத்தை மறைக்காமல் எழுத வேண்டும். விளைந்ததை மட்டும் எழுதிய குறிப்பு, பின்வருவோரைத் தவறான வழியில் இட்டுச் செல்லும். இரண்டாவது, அண்டைக்காரரோடுள்ள வரப்புச் சண்டையையும் குடும்ப மனஸ்தாபத்தையும் இதில் ஏற்றலாகாது. ஏற்றினால் புஸ்தகம் பெட்டிக்குள் போய்விடும். அது வீட்டார் அனைவரும் எடுத்துப் பார்க்கக்கூடியதாய் இருக்க வேண்டும். எழுத இயலாத பெரியவர் சொல்ல, பேரனோ பேத்தியோ எழுதலாம். அவ்விதம் எழுதும் குழந்தைகள், பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப்படாத நிலஞானத்தையும் உடன் பெறுவார்கள்.

கிராமத்துக்கு ஐந்து மிராசுதார்களாவது இதைத் தொடங்கி, வருஷ முடிவில் தம் புஸ்தகங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்களாயின், அவ்வூர் நிலங்களுக்கு ஏற்ற முறைகள் அவ்வூராராலேயே வெளிப்படும். விவசாய உத்தியோகஸ்தர்கள் கூறும் யோசனைகளையும் சொந்த அனுபவத்தைக் கொண்டு நிறுத்துப் பார்க்க அவர்களால் முடியும். வரும் பசலிக்குக் காத்திராமல், கையிலுள்ள நோட்டில் இன்று இரவே முதல் வரியை எழுதுவது நலம்.