வேல மரத்தின் பெயர் வழக்கு

திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூரைச் சுற்றியுள்ள மானாவாரிப் பூமியில் மழைக்குப் பஞ்சம் உண்டு. வேல மரத்துக்கு இல்லை. குளத்தின் உள்வாயில் கருவேல், ஆடு மேய்கிற புறம்போக்கில் வெள்வேல். கலப்பைக்குக் கட்டை, பல் துலக்கக் குச்சி, வெள்ளாட்டுக்கு நெற்று, தோல் பதனிடப் பட்டை எல்லாம் இவை தருவனவே. (வெள்வேலம் பட்டைக்கு இன்னோர் உபயோகமும் உண்டு. ‘பட்டைச் சாராயம்’ என்ற பெயரே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. மதுவிலக்கில் பற்றுள்ள நாம் அதை விவரிக்கப் போவதில்லை.)

இத்தனை உபகாரியான மரத்தின் பெயரை ஒரு சர்வதேச சபை பறித்து ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்துவிட்டது என்றால் நேயர்கள் நம்புவார்களா? நடந்தது அதுவே.

தாவர சாஸ்திரத்தில் வேலுக்கு வழங்கிய பெயர் ‘அக்கேஷியா’. நைல் நதிக்கரையின் முள்மரத்தைக் கிரேக்கர் அழைத்த பெயர் அது. முள்ளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். அந்த மரமும் நம் கருவேலும் ஒரே இனம். 1754-இல் பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயர் இப்பெயரில் ஒரு பேரினத்தை வகுத்தார். பிறகு பஞ்சுருண்டை போலப் பூக்கும் மரங்களெல்லாம் அதற்குள் புகுந்தன. நம் வீட்டுச் சீயக்காயும் புகுந்தது. ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரங்களும் புகுந்தன. கடைசியில் குடும்பம் 1,300 இனங்களுக்கு மேல் பெருத்துவிட்டது.

சந்தேகத்தைக் கிளப்பியது முள்தான். கருவேலில் முள் இரட்டை இரட்டையாய், நேராய் நிற்கிறது. இலைக்காம்பின் அடியில் இருக்கவேண்டிய இரு செதில்களே அப்படி முள்ளாக மாறியவை. சீயக்காய்க் கொடியிலும் கருங்காலியிலும் உள்ளதோ பூனை நகம் போல் வளைந்த முள். அது தோலின் மேல் எழுந்ததே தவிர, இலையின் அங்கமன்று. ஆஸ்திரேலிய மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது. பலவற்றில் இலைக்காம்பே தட்டையாகி இலையின் வேலையைச் செய்கிறது. இவை மூன்றும் வெவ்வேறு பேரினங்கள் என்று 1986-இல் லெஸ்லி பெட்லி என்னும் ஆஸ்திரேலியத் தாவர நிபுணர் எழுதினார். முள்ளையும் இலையையும் நம்பிப் பழைய ஏற்பாட்டைக் கலைக்கலாமா என்று பலர் தயங்கினர்.

தயக்கத்தைத் தீர்த்தது டி. என். ஏ. பரிசோதனை. அதன் தத்துவம் தமிழருக்குப் புதிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஏட்டுப் பிரதிகளை அடுக்கி வைத்து ஒப்பு நோக்கியதை அறிவோம். பல இடங்களில் ஒரே பிழை காணும் இரண்டு ஏடுகள் ஒரே தாய்ப் பிரதியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம் அல்லவா? செடிகளின் உயிரணுவிலும் தலைமுறைதோறும் பிரதி எடுக்கப்படும் ஓர் எழுத்து வரிசை உண்டு; அதிலும் பிழைகள் நேர்கின்றன. அவற்றை ஒப்பிட்டபோது, ஆஸ்திரேலிய மரங்கள் கருவேலைவிட வாகைக்கும் தூங்குமூஞ்சிக்குமே நெருங்கிய உறவு என்று வெளியாயிற்று. முள் சொன்ன சாட்சியமும் மெய்யென்று ருசுவாயிற்று. ஆகவே பாகப்பிரிவினை நியாயமே. அதில் நமக்குக் குறையில்லை.

குறையெல்லாம் பெயரைப் பற்றியதே. பேரினம் பிரியும்போது, எந்த இனத்தை மாதிரியாக வைத்துப் பெயர் ஏற்பட்டதோ அதன் பக்கமே பெயர் நிற்கவேண்டும் என்பது தாவர சாஸ்திரிகளின் சட்டம். மாதிரி நம் கருவேல். ஆஸ்திரேலிய மரங்கள் ‘ரக்கோஸ்பெர்மா’ ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஏறக்குறைய ஆயிரம் இனங்களுக்குப் பெயர் மாற்றுவதா என்று அந்நாட்டார் 2003-இல் மனுச் செய்தார்கள்; மாதிரியையே மாற்றிவிடும்படி கேட்டார்கள். 1988 முதல் அவர்களுடைய தேசிய மலரும் ஒரு வாட்டில் பூவே. 2005-இல் வியன்னா மகாசபையில் வாக்கெடுத்தபோது, மாற்றத்தை எதிர்த்தவர்கள் நூற்றுக்கு 54.9. ஆயினும் குழுவின் சிபாரிசைத் தள்ள 60 வேண்டுமாம், சிறுபான்மையே ஜெயித்தது. ஆப்பிரிக்க நிபுணர் பலரும் ஆட்சேபித்தனர். 2011-இல் முடிவு உறுதியாயிற்று. எந்த ஊரில் தெரியுமா? மெல்போர்னில்!

ஆயிரம் பெயரை மாற்றுவது சிரமம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வன்னி மரத்தின் கதையையும் பாருங்கள். வன்னியும், வேடசந்தூர்க் காடெல்லாம் அடைத்துக்கொண்ட சீமைக் கருவேலும் ‘புரோசோபிஸ்’ என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 2022-இல் இதே விதமான ஆதாரங்களால் அவை பிரிக்கப்பட்டன. மாதிரி வன்னி, பெயர் வன்னியோடு நின்றது. சீமைக் கருவேல் ‘நெல்டூமா’ ஆயிற்று. அங்கே செல்லுபடியான சட்டம் கருவேலுக்கு மட்டும் வளைந்தது ஏன்?

திண்டுக்கல் ஜில்லாவிலேயே இதன் விநோதத்தைக் காணலாம். வெள்ளைக்காரர் காலத்தில் கொடைக்கானலில் குடியேறிய முள்ளில்லாத வாட்டில் மரத்துக்கு முள்ளின் பெயர். அடிவாரத்தில் முள்ளோடு நிற்கும் கருவேலுக்கு ‘வாச்செல்லியா’ என்ற பெயர். இந்தப் பெயர் 1834-இல் சென்னை ராஜதானியின் கம்பெனி வைத்தியர் ராபர்ட் வைட், ஆர்னாட் என்பவருடன் எழுதிய தென்னிந்தியத் தாவர நூலில் உள்ளது. நம் நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்ததே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை: வாச்செல் என்பவர் சீனத்து மக்காவோவிலிருந்த பாதிரியார், அந்தப் பெயரைப் பெற்ற முதல் மரமோ அமெரிக்காவிலிருந்து வந்த கஸ்தூரி வேல்.

வைத்திய நூல்களையும் பழைய வனப் புத்தகங்களையும் படிக்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும்: அக்கேஷியா அராபிகா, அக்கேஷியா நிலோடிகா, வாச்செல்லியா நிலோடிகா மூன்றும் கருவேலே. சீயக்காயை இனிமேல் ‘செனெகாலியா’ என்ற தலைப்பில் தேட வேண்டும்.